வாளி படுத்திருக்கும் அறை

கரண்ட் போய்விட்டது. ஏசி கடைசியாக ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிட்டது. சரி, பதறாதே, கதவு சாத்தியிருக்கிறது, திரை இழுத்து விட்டிருக்கிறது, அறை இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது, இந்தக் குளிரை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டால் போதும். மேஜை விசிறி இன்வெர்ட்டரில் ஓடுகிறது, அதை வாளியின் பக்கம் திருப்பு. வாளியைச் சுற்றி ஈரத்துண்டு கட்டியிருக்கிறேன், துண்டின் நுனி கீழே டப்பில் இருக்கும் தண்ணீரில் தொங்குகிறது, தண்ணீரில் ஐஸாக உறைய வைத்த பாட்டில்கள் மிதக்கின்றன. வாளிக்குள் இன்னும் பீர் ஆகாத பீர். மூடியில் செருகியிருக்கும் சின்னக் குழாயில் குபுக் என்று ஒரு குமிழி வருகிறது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு குபுக். உள்ளே ஈஸ்ட் வேலை செய்கிறது. வேலை செய்கிற எதுவும் சூடாகும், ஈஸ்டும் அப்படித்தான், தன் சூட்டிலேயே தான் வெந்து கெட்டுப்போகும் ஜென்மம். வாளியின் வயிற்றில் ஒட்டியிருக்கும் பட்டைத் தெர்மாமீட்டரில் பதினெட்டு பச்சையாகத் தெரிகிறது. பதினெட்டுதான் வேண்டும். இருபது வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் பழ வாசனை, அதற்கும் மேலே போனால் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாசனை, குடித்தவனுக்கு மறுநாள் தலை பிளக்கும். போன தடவை அதுதான் நடந்தது. நண்பன் ஆல்வின் ஒரு வாய் குடித்துவிட்டு, "இத வெச்சு எங்க வீட்டு கேட்ல பெயிண்ட் சுரண்டலாம்டா" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கழிவறையில் முழுதையும் கொட்டும்போது சிரிக்கவில்லை. முதல் சில நாள்தான், நுரை அடங்கும் வரைக்கும்தான், அதற்குப் பிறகு சூடு ஏறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, இன்றைக்கும் நாளைக்கும் ஓட்டிவிட்டால் கரை சேர்ந்துவிடலாம். வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி தப்பா சரியா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

வெளியே ஹாலில் அப்பா இருக்கிறார். இந்த வாக்கியத்தை மட்டும் மனசுக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன், வெளியே ஹாலில் அப்பா இருக்கிறார். இது ஒற்றைப் படுக்கையறை வீடு, மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேலே வெயில் ஏற ஏற ஹாலின் கூரை தோசைக்கல் மாதிரி ஆகிவிடும், மின்விசிறி அந்தச் சூட்டை எடுத்து அப்படியே கீழே ஊற்றும். ஒரே ஏசி, அது இந்த அறையில். ஒரே கட்டில், அதுவும் இந்த அறையில்தான், விரிப்பு கசங்காமல் காலியாக இருக்கிறது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தேதி அடுத்த மாதம் என்றுதான் முதலில் சொன்னார்கள், திடீரென்று முன்னால் இழுத்துவிட்டார்கள், அவர் துறையூரிலிருந்து பையோடு வந்து இறங்கியபோது நான் முந்தின நாள்தான் வாளியில் ஈஸ்ட் போட்டிருந்தேன். போட்டபின் நிறுத்த முடியாது. டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார், முகம் கழுவக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வியர்வை கண்ணில் இறங்கக் கூடாது, முடிந்தவரை குளிர்ச்சியாக இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் தலையாட்டினேன். எப்படி ஆட்டினேன்! கவனமாகக் கேட்கிற மகன் மாதிரி ஆட்டினேன். அப்பா முன்னால் பீர் என்ற சொல்லைக்கூட நான் உச்சரித்ததில்லை, முப்பத்தொன்பது வயதாகிறது, இன்னும் அவர் வருகிறார் என்றால் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். அதனால் அவர் வந்து இறங்கிய அன்றே, பையை வாங்கிக் கீழே வைக்கும்போதே, யோசிக்காமல், யோசித்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது, சொல்லிவிட்டேன். "ரூம்ல ஆபீஸ் மெஷின் ஒண்ணு இருக்குப்பா. சூடாகக் கூடாது. ஏசி போட்டே வைக்கணும், ஆள் யாரும் உள்ள படுக்கக் கூடாது."

அவர் நம்பினார் என்று சொன்னால் போதாது. சந்தோஷப்பட்டார். துறையூரில் கூட்டுறவு வங்கியில் அட்டெண்டராக இருந்தவர். வங்கிக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று கண்ணாடிக் கதவு போட்டு ஒரு அறை கட்டி, மேனேஜருக்கே இல்லாத ஏசியை அதற்கு வைத்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த அறையின் சாவி அப்பாவின் இடுப்பில் இருந்தது. சின்ன வயதில் ஒருநாள் என்னைக் கூட்டிப்போய்க் கண்ணாடி வழியாகக் காட்டினார், நான் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தேன், கண்ணாடி ஜில்லென்று இருந்தது, "தொடாத, அழுக்காயிரும்" என்றார். இப்போது அந்த மாதிரி ஒன்று மகன் வீட்டிலேயே இருக்கிறது. "உன்ன நம்பி வீட்டுக்கே குடுத்து விட்டுருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். இதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. குபுக். அன்றைக்கு ராத்திரி மனைவி சுகிர்தா ஹைதராபாத்திலிருந்து பேசினாள், அவளுக்கு அங்கே பயிற்சி முடிய இன்னும் நாளிருக்கிறது, "மாமாவ ஏசி ரூம்லதான படுக்க வெச்சிருக்க?" என்றாள். பின்னே என்றேன். பொய் சொல்கிறபோது என் குரல் எவ்வளவு இயல்பாக இருக்கிறது! உண்மை சொல்கிறபோதுதான் திக்குகிறது.

நானும் ஹாலில்தான் படுக்கிறேன், அதை மறந்துவிடக் கூடாது. அவருக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, அவரைப் போலவே வியர்த்து, அவரைப் போலவே புரண்டு. இதை ஒரு தியாகம் மாதிரி எனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன், எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அப்பாவுக்கு எழுபத்திரண்டு, எனக்கு முப்பத்தொன்பது. நான் நடுவில் எழுந்து, மெஷினைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்து, கொஞ்ச நேரம் சில்லென்று நின்றுவிட்டுப் போகலாம். போகிறேன். அவர் அசையாமல் கிடக்கிறார். தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாததால் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து மார்பில் போட்டுக்கொள்கிறார், காய்ந்ததும் மறுபடி நனைக்கிறார், அதன் மேல் காற்று படும்படி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொள்கிறார். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளிக்கு நான் செய்வதும் இதேதான், ஈரத்துண்டு, விசிறி. ஏசி மட்டும்தான் கூடுதல். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, நின்ற இடத்தில் ஒரு மாதிரி கரித்தது, அது இன்னும் போகவில்லை. நேற்று, "வாழப்பழம் வாங்கி உள்ள வெச்சிருக்கியா பூபாலா? வாசன வருதே" என்றார். எனக்குப் பகீரென்றது. அவர் கண்டுபிடித்துவிட்டாரோ என்பதற்காக இல்லை, பழ வாசனை வந்தால் சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம், அதற்காக. அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். திரும்பி வந்து, "மெஷினுக்கு ஒரு ஆயில் போடறாங்கப்பா, அந்த வாசன" என்றேன். வாழைப்பழ வாசனையில் ஆயில் உண்டா என்று அவர் கேட்கவில்லை. உண்டு போல என்று நினைத்திருப்பார். எதிர்வீட்டு அம்மாவிடம் வேறு சொல்லி வைத்திருக்கிறார், கதவோரம் நின்று பேசுவது காதில் விழுந்தது, "ஆபீஸ் மெஷினு, லேசுல யார்கிட்டயும் தர மாட்டாங்களாம், இவன்கிட்ட குடுத்துருக்காங்க."

ஒரு நல்ல காரியம் செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். இந்தக் கதவுக்குக் கீழே விரல் நுழைகிற அளவு இடைவெளி. குளிரெல்லாம் அதன் வழியாகத்தான் ஒழுகுகிறது. பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அப்பா தலையணையைக் கதவோரம் நகர்த்திப் போட்டு, கன்னத்தை அந்த இடைவெளிக்கு நேராக வைத்துப் படுத்திருக்கிறார். "இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் காத்து வருதுப்பா" என்றார், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி. நான் வேட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அடைக்கவில்லை. அவருக்காக ஒரு டிகிரியின் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தேன். இதைப் பெருமையாக நினைத்துக்கொண்ட ஆள் நான், இதைவிடக் கேவலமான பெருமை ஒருவனுக்கு இருக்க முடியுமா, தெரியவில்லை.

சொட்டு மருந்து. மதியச் சொட்டு போடும் நேரம் வந்திருக்கும். வந்திருக்குமா? கைபேசி ஹாலில் சார்ஜில் இருக்கிறது. அப்பாவால் தானாகப் போட்டுக்கொள்ள முடியாது, கை நடுங்கும், நான்தான் இமையை இழுத்துப் பிடித்துப் போட வேண்டும். நேரம் ஆகியிருந்தால் அவரே கூப்பிடுவார். கூப்பிட மாட்டார், மெஷின் பக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிட மாட்டார். சரி, கரண்ட் வரட்டும். வந்ததும் முதல் வேலை அதுதான். இப்போது கதவைத் திறந்தால் ஹாலின் அனல் ஒரே மூச்சில் உள்ளே வந்துவிடும், திரும்ப இந்தக் குளிரை எங்கே போய்ப் பிடிப்பது? தெர்மாமீட்டரில் பதினெட்டின் பச்சை மங்கியிருக்கிறது, பத்தொன்பது பழுப்பாக எட்டிப் பார்க்கிறது. குபுக் குபுக் என்று இப்போது கொஞ்சம் அவசரமாக வருகிறது, சூடு ஏறினால் அப்படித்தான் வரும். ஐஸ் பாட்டிலைத் திருப்பிப் போடு. உள்ளே இருக்கும் நானே ஒரு சூடுதான், மனித உடம்பு முப்பத்தேழு டிகிரி, நான் இங்கே உட்கார்ந்திருப்பதே தப்பு, வெளியே போய்விட வேண்டும், ஆனால் வெளியே போக வேண்டும் என்றால் கதவைத் திறக்க வேண்டும். நல்ல கூத்து. ஒரு சொட்டு மருந்து கொஞ்சம் தாமதமானால் கண்ணா போய்விடும்? போகுமா? டாக்டரம்மா அந்த மாதிரி எதுவும் சொல்லவில்லை. தவறாமல் போடுங்கள் என்று மட்டும் சொன்னார். தவறாமல் என்றால் என்ன அர்த்தம்?

சத்தம் இல்லை. என்ன சத்தம் இல்லை? ஹாலில் மின்விசிறி டொக் டொக் என்று தட்டிக்கொண்டே சுற்றும், அந்தச் சத்தம் இந்தக் கதவைத் தாண்டி வரும், எப்போதும் வரும். வரவில்லை. இன்வெர்ட்டர் போய்விட்டதா என்றால் இங்கே மேஜை விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் ஹால் விசிறியை யாரோ நிறுத்தியிருக்க வேண்டும், வீட்டில் இருப்பதே இரண்டு பேர். எப்போது நின்றது? கரண்ட் போனதிலிருந்து நான் அதைக் கேட்கவே இல்லையா, கேட்டுக்கொண்டிருந்து நின்றதா? குமிழியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் வேறு எது காதில் விழும்? அப்பா இருமவும் இல்லை. சாப்பிட்ட பிறகு அவருக்கு ஒரு இருமல் உண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார், அதுவும் இல்லை. தூங்கியிருப்பார். விசிறி இல்லாமலா? கதவுக்குக் கீழே பார்க்கிறேன். அங்கே எப்போதும் ஹாலின் வெளிச்சம் கோடு மாதிரி தெரியும். கோடு இல்லை. இருட்டாக இருக்கிறது. கதவை ஒட்டி ஏதோ கிடக்கிறது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நீளமாக. அப்பா அங்கேதான் படுப்பார். ஆனால் வெளிச்சமே வராத மாதிரி ஒட்டிப் படுக்க மாட்டார், படுத்தால் காற்று வராதே. விழுந்திருந்தால்? எழுந்து விசிறி சுவிட்சைப் போடப் போய், தலை சுற்றி, கதவில் சாய்ந்து அப்படியே சரிந்திருந்தால்? சத்தம் கேட்டிருக்குமே. கேட்டிருக்குமா, இந்தக் காதுக்கு? தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன், வைத்த கை அங்கேயே நிற்கிறது. பத்தொன்பது. இப்போதும், இப்போதும்கூட, ஒரு கண் அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. சீ, நீ எல்லாம் ஒரு மனுஷனா என்று எனக்கு நானே சொல்கிறேன், சொல்லிக்கொண்டேதான் நிற்கிறேன், திறக்காமல் நிற்கிறேன். பிறகு திறந்துவிட்டேன்.

அனல் முகத்தில் அடித்தது. காலடியில் போர்வை, அப்பாவின் போர்வை, பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி இடைவெளியை அடைத்து வைத்திருக்கிறது. அப்பா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். மேலே சட்டை இல்லை, கறுப்புக் கண்ணாடியின் ஓரத்தில் வியர்வை கோடு கோடாக இறங்குகிறது, அது கண்ணுக்குள் போகாமல் ஒரு கைக்குட்டையை நெற்றியில் ஒற்றிக்கொண்டே இருக்கிறார். உதடு வறண்டு வெள்ளையாகியிருக்கிறது. மேலே மின்விசிறி அசையவில்லை.

"ஏன் தொறந்த? சாத்து, சாத்து, சூடு உள்ள போயிரும்" என்றார்.

"ஃபேன் ஏன்ப்பா ஓடல?"

"நான்தான் நிறுத்துனேன். கரண்டு இல்லல்ல, இன்வெட்டர்ல எவ்வளவு இருக்கோ, என்னமோ. அது மெஷினுக்கு ஆகட்டும்னு பாத்தேன்."

"இந்தப் போர்வை?"

"குளிர் பூரா இது வழியா வெளிய வந்துட்டு இருந்துச்சு. ரெண்டு நாளா நான் வேற அதுல மூஞ்சிய வெச்சுப் படுத்துருக்கேன், தோணவே இல்ல பாரு." அதற்காக மன்னிப்புக் கேட்கிற முகம். "மெஷின் எப்படி இருக்கு? ஒண்ணும் ஆகலையே?"

உள்ளே வாங்கப்பா என்றேன். வேண்டாம் என்றார். வாங்கப்பா என்று மறுபடி சொன்னேன், சத்தமாக, கோபமாகக்கூட, யார் மேல் கோபம் என்று தெரியாமல். அவர் பயந்துபோய் எழுந்தார். எழுந்து என்னோடு வரவில்லை. "இரு" என்று சொல்லிவிட்டு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். நனைந்த முதுகில் அது ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை, இழுத்து இழுத்து விட்டார். கழுத்து வரை எல்லாப் பொத்தானையும் போட்டார், மேல் பொத்தான் மட்டும் நேரம் எடுத்தது, விடாமல் அதையும் போட்டார். ஆபீஸ் பொருள் இருக்கிற அறைக்கு வெற்று உடம்போடு போக முடியாது அவரால். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இனிமேல் எனக்கு ஏதாவது தண்டனை வேண்டும் என்றால் இதை நினைத்துக்கொண்டால் போதும்.

உள்ளே வந்து நின்றார். குளிர் பட்டதும் மூச்சை இழுத்து விட்டார். சுற்றிப் பார்த்தார், கட்டில், பீரோ, டப், துண்டு கட்டிய வாளி. மறுபடி சுற்றிப் பார்த்தார், மெஷினைத் தேடுகிறார்.

"மெஷின் இல்லப்பா. இதுதான். பீர். நானே செய்யறது."

குபுக் என்றது.

"பீரா" என்றார். கேள்வி மாதிரி இல்லை. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருக்கலாம், என் வயதையும் மறந்து ஒரு அறை கொடுத்திருக்கலாம், வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எதிர்வீட்டம்மாகிட்ட ஆபீஸ் மெஷின்னுல்ல சொல்லிட்டேன்" என்றார். வெட்கப்பட வேண்டியது நான், அவர் வெட்கப்பட்டார். காது மடல் சிவந்துவிட்டது.

சொட்டு மருந்தை எடுத்து வந்தேன். படுக்க வைத்து, கண்ணாடியைக் கழற்றி, நெற்றியை ஒற்றித் துடைத்து, இமையை இழுத்துப் பிடித்துப் போட்டேன். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது, வியர்வை இறங்கித்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், இல்லை, இன்றைக்கே, இப்போதே, வெயில் கொஞ்சம் தாழட்டும். மருந்து விட்டால் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது. அவர் மூடிக்கொண்டு படுத்திருந்தார், சட்டைப் பொத்தான் எதையும் கழற்றவில்லை.

"நான் இங்க படுத்தா அது கெட்டுருமா பூபாலா?"

"கெடாதுப்பா."

சொன்னேன். சொல்லிக்கொண்டே, அவர் கண் மூடியிருக்கிறது என்ற தைரியத்தில், தலையை ஓசைப்படாமல் திருப்பி வாளியைப் பார்த்தேன். இருபதைத் தாண்டிவிட்டது.

"ஏறிருச்சா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

அவர் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையால் கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். "நான் வெளியவே படுத்துக்கிறேன், பழகிருச்சு" என்றார். படுங்கப்பா, படுங்கப்பா என்று தோளைப் பிடித்து அழுத்தினேன். ஈரச் சட்டைக்கு அடியில் அவர் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் வந்த நாளிலிருந்து இமையைத் தவிர வேறெங்கும் நான் அவரைத் தொட்டுப் பார்க்கவில்லை.